ஃபோர்க்கில் எண்ணெய் கசிந்தால்



என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த தம்பி ஒருவன் போன வாரம் போனில் பேசினான். அவன் அப்பா ஓட்டிய யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டியில் முன் ஃபோர்க் கசிகிறதாம். முழு செட்டும் மாற்றணும் என்கிறார்களாம். "அவ்வளவு காசுக்கு எங்க சார் போறது? வித்துறவா?" என்றான்.

1996-லேயே தயாரிப்பு நின்ற வண்டி. சாமானுக்கு விலையும் அதிகம், போலியும் அதிகம். ஆனால் கசிந்தாலே ஃபோர்க் போச்சு என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் தேய்ந்திருப்பது ஆயில் சீல்தான். ஃபோர்க் குழாயைத் துடைத்து, நகத்தால் வருடிப் பாருங்கள். வழுவழுப்பாக, வளையாமல் இருந்தால் இரண்டு பக்கமும் சீலும் ஆயிலும் மாற்றினால் போதும். நகம் இடறினால் அது துருப்பிடித்த குழி. புது சீலையும் கிழித்துவிடும். குழாயையும் மாற்றத்தான் வேண்டும்.

கழற்றிய சீலைக் கடைக்குக் கொண்டுபோங்கள். அளவு பெரும்பாலும் அதிலேயே பொறித்திருக்கும். பழைய குழாய் வாங்கினால் கண்ணாடிமேல் உருட்டிப் பாருங்கள், தத்தினால் வளைந்தது.

தள்ளிப்போடாதீர்கள். எண்ணெய் பிரேக்கில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

ஜே.சி. குமரப்பா கடைசிக் காலத்தில் வாழ்ந்த ஊர் நம் கல்லுப்பட்டி. பழுது பார்த்து வாழ்வது நமக்குப் புதிதில்லை. அப்பா வண்டி வீட்டிலேயே இருக்கட்டும், தம்பி.

மெக்கானிக் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் கூடுதலாகத் தெரிந்ததை எழுதுங்கள்.