இறங்காத ஊர்

வெளிமாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பயணம் என்றால் பெரும்பாலும் ஒரே திசைதான். மும்பையில் வாழும் நாம், ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடிச் சென்னையை அடையும் ரயிலையே பயணம் என்று எண்ணிப் பழகியவர்கள். அரசு ஊழியருக்கு இரண்டாண்டுக்கு ஒரு முறை சொந்த ஊர் சென்றுவரச் சலுகை உண்டு. பள்ளி விடுமுறை உண்டு. ஊர்த் திருவிழா உண்டு. உறவினர் வீட்டுத் திருமணம் உண்டு. எல்லாம் சேர்ந்து நம்மைத் தெற்கே அழைத்துச் செல்கின்றன. இடையில் கிடக்கும் நிலமெல்லாம் நமக்கு வழி. அங்கே நமக்கென்று ஊர் ஏதும் இல்லை.

அந்த வழியில் கர்ஜத் நிலையத்தை அறியாத தமிழர் இருக்க மாட்டார்கள். மலை ஏறுவதற்காக வண்டியின் பின்னால் துணை எஞ்சின்களை அங்கே பூட்டுவார்கள். அந்தச் சில நிமிடங்களில் சன்னல் வழியே சூடான வடா பாவ் வாங்குவோம். பிறகு குகை மாற்றிக் குகையாக வண்டி ஏறும்; குழந்தைகள் ஒவ்வோர் இருளிலும் கூச்சலிடுவார்கள். லோனாவாலாவில் துணை எஞ்சின்களைக் கழற்றுவார்கள். யாராவது சிக்கிப் பொட்டலம் விற்றுக்கொண்டு போவார். அவ்வளவுதான். எத்தனையோ முறை அந்த நிலையத்தில் நம் வண்டி நின்றிருக்கிறது. நாம் இறங்கியதில்லை.

எங்கள் வீட்டில் இந்த வழக்கத்தை மாற்றியது அம்மாவின் ஒரு கேள்வி. அப்பா மறைந்தபின் கொள்ளிடக் கரையிலிருந்து அம்மாவைச் செம்பூருக்கு அழைத்து வந்தோம். வந்து எட்டு மாதம் ஆகியும் மருத்துவரிடம் சென்றதைத் தவிர அம்மா மூன்றாம் மாடியை விட்டு இறங்கவில்லை. கோயிலுக்கு அழைத்தால், ‘எனக்கு எதற்கு, நீங்கள் போய் வாருங்கள்’ என்பார். கடைவீதிக்கு அழைத்தாலும் அதே சொல். அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு வீட்டில் எல்லோருக்கும் உள்ளூர ஒரு கவலை வளர்ந்துகொண்டிருந்தது. ஒரு நாள் மாலையில் விளக்கேற்றிவிட்டு வந்தவர், ‘ரயிலில் வரும்போது மலையைக் குடைந்து குடைந்து வந்தோமே, அது எந்த ஊர்?’ என்று கேட்டார். இந்த ஊரைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. விடை சொல்லி முடித்துவிட எங்களுக்கு மனம் வரவில்லை. போய்ப் பார்த்து வருவது என்று முடிவு செய்தோம்.

மும்பையிலிருந்து லோனாவாலா சாலை வழியே சுமார் 80 கிலோமீட்டர். இளைஞர்களுக்கு இது திட்டம் தேவைப்படாத தூரம். விடியற்காலையில் எழுந்து புறப்பட்டுவிடுவார்கள். எழுபதைக் கடந்தவருக்கு 80 கிலோமீட்டர் என்பது வேறு கணக்கு. முழங்கால் வலி ஒன்று; சர்க்கரை நோய்க்கான மாத்திரையும் அதற்கேற்ற உணவு நேரமும் ஒன்று; ஒன்றரை மணிக்கு ஒரு முறை கழிப்பறை தேவைப்படுவது மற்றொன்று. இவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் திட்டத்தைத் தொடங்கினோம். குழுவில் வலிமை குறைந்தவர் யாரோ அவருடைய கடிகாரமே எல்லோருடைய கடிகாரமாக இருக்க வேண்டும் என்பதை அந்தத் தாள் எங்களுக்குக் கற்பித்தது.

திட்டத்தைப் பின்னிருந்து முன்னாக வகுத்தோம். பகல் உணவுக்கும் ஓய்வுக்கும் அம்மா ஒன்றரை மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும். அதற்கு மலையிலிருந்து பதினொரு மணிக்குக் கிளம்ப வேண்டும். அங்கே இரண்டரை மணி நேரமாவது இருக்க வேண்டுமானால் எட்டரைக்குச் சேர வேண்டும். வழியில் சிற்றுண்டிக்கு அரை மணி என்றால், வீட்டிலிருந்து ஐந்தே முக்காலுக்குப் புறப்பட வேண்டும். இவ்வாறு எங்கள் அரை நாள் உருவாயிற்று.

அடுத்தது பருவம். மழைக்காலத்து லோனாவாலாவின் அழகைப் புகழாதவர் இல்லை. ஆனால் அந்த அழகைக் காண வருவோரின் வண்டிகள் மலைச்சாலையில் மணிக்கணக்கில் நிற்கும். பாறை சரியும் அச்சமும் உண்டு. 2015 ஜூலையில் ஆடோஷி சுரங்கத்தின் அருகே விரைவுச் சாலையில் பாறைகள் விழுந்து உயிரிழப்பு நேர்ந்தது. ஆகவே மழை ஓய்ந்து பசுமை முற்றும் மாறாத நவம்பரைத் தேர்ந்தோம். சனி ஞாயிறுகளைத் தவிர்த்து, ஒரு புதன்கிழமைக்குத் தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்தோம். பிள்ளைகளும் பள்ளியில் ஒரு நாள் விடுப்புக் கேட்டார்கள். ‘காரணம்’ என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று மகன் கேட்டான். ‘அப்பாயியுடன் மலைக்குப் போகிறேன் என்று எழுது’ என்றார் அவன் தாய்.

சாலையைப் பற்றித்தான் வீட்டில் நீண்ட விவாதம் நடந்தது. போர்க் கணவாய் வழியே மலை ஏறச் சாலைகள் இரண்டு. பழைய சாலை 1830-ஆம் ஆண்டில் சக்கர வண்டிகளுக்குத் திறக்கப்பட்ட தடத்தின் வழி வந்தது. ரயில் பாதை அதன்பின் 1863-இல் வந்தது. அந்தப் பாதையைக் குடைந்தபோது பாறை வெடிப்பிலும் காலராவிலும் இறந்த கூலித் தொழிலாளர் ஆயிரக்கணக்கானோர். பழைய சாலையின் ஓரத்தில் ஷிங்க்ரோபா என்ற சிறு கோயில் இருக்கிறது. மலை ஏறும் தடத்தைக் காட்டிக் கொடுத்த ஆட்டிடையர் ஒருவர், காட்டியபின் கொல்லப்பட்டுத் தெய்வமானார் என்பது அப்பகுதியில் வழங்கும் கதை. ஓட்டுநர்கள் அங்கே காசு போட்டுச் செல்வார்கள். மகளுக்கு அந்தக் கோயிலைக் காணும் ஆவல். ஆனால் அந்தச் சாலையின் வளைவுகள் அம்மாவுக்குத் தலைசுற்றல் தரும். 2002-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட விரைவுச் சாலை அகலமானது, வளைவு குறைந்தது, காலாப்பூர்ச் சுங்கச் சாவடியை அடுத்து உணவு வளாகமும் தூய கழிப்பறையும் உண்டு. இதைச் சொன்னதும் மகள் தானாகவே தன் கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். ‘ஷிங்க்ரோபாவுக்கு இன்னொரு நாள்’ என்று தாளின் அடியில் குறித்து வைத்தாள்.

எங்கே போவது என்பதைத் தீர்மானித்தவர் அம்மாதான். வண்டியிலிருந்து இறங்கியதும் பள்ளத்தாக்கைக் காணக்கூடிய இடங்கள் சிலவற்றை நாங்கள் பட்டியலிட்டிருந்தோம். பேச்சுவாக்கில், லோனாவாலாவுக்கு அப்பால் சுமார் பத்துக் கிலோமீட்டரில் கார்லா என்ற குன்று இருப்பதையும், அங்கே குகைக்கு எதிரிலேயே ஏக்வீரா என்ற அம்மன் கோயில் இருப்பதையும், மும்பைக் கடற்கரையின் கோளி மீனவர்களுக்கு அவள் குலதெய்வம் என்பதையும் மகன் சொன்னான். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். ‘கடலில் போகிறவர்களுக்கு மலையிலா குலதெய்வம்?’ என்று வியந்தார். படிகள் முந்நூறுக்கு மேல்; பாதி வரைதான் வண்டி செல்லும் என்று எச்சரித்தோம். ‘அடிவாரத்தில் நின்று கும்பிட்டாலும் அவளுக்குத் தெரியும். ஆனால் ஒன்று: என்னால் ஏற முடியவில்லை என்று நீங்களும் ஏறாமல் இருந்துவிடக் கூடாது’ என்றார். திட்டத் தாளில் அவர் சேர்த்த ஒரே நிபந்தனை அது.

படி ஏற இயலாதவரை மலைக்கோயிலுக்கு அழைத்துச் செல்வதா என்று அண்டை வீட்டு நண்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மேலே ஏறுவது மட்டுமே போவது என்றால் அவர்கள் சொல்வது சரி. எட்டு மாதமாக நான்கு சுவரைப் பார்த்திருந்த ஒருவர் தாமாக ஓர் இடத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டார் என்பதே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

குறித்த நாளில் குறித்த நேரத்தில் புறப்பட்டோம். வாடகை வண்டியின் முன் இருக்கை அம்மாவுக்கு. கையில் ஒரு எலுமிச்சம்பழம். பின்னால் மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லிப் பொட்டலங்கள். மான்குர்டைத் தாண்டி வாஷிப் பாலத்தில் ஏறியபோது கழிமுகத்தின் மேல் விடிந்துகொண்டிருந்தது. ‘கொள்ளிடம் மாதிரி அகலம்’ என்றார் அம்மா. காலாப்பூரைக் கடந்ததும் எதிரே சுவர்போல் எழுந்த சஹ்யாத்ரியைப் பார்த்து வாயடைத்திருந்தார். ரயிலில் வந்தபோது மலைக்குள்ளிருந்து மலையைப் பார்த்தவர், இப்போதுதான் அதன் முழு உயரத்தையும் கண்டார்.

கார்லாவின் கீழே பூக்கடைகளின் வரிசையில் ஒரு தேநீர்க் கடை விசுப்பலகையில் அம்மாவை அமர்த்தினோம். மனைவி துணைக்கு இருந்தார், மற்றவர்கள் ஏறினோம். மேலே உள்ள பெருங்குகை, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் பௌத்தர்கள் குடைந்த வழிபாட்டு மண்டபம். நீளம் சுமார் 38 மீட்டர்; உயரம் சுமார் 14 மீட்டர். வளைந்த கூரையில் பொருத்திய பழைய மர விலாக்கள் இன்னும் இருக்கின்றன. ஒரு பாறையைக் குடைந்து இவ்வளவு பெரிய கூடத்தை ஆக்கிவிட்டு, மரக் கட்டடத்தின் நினைவு போகாமல் மரத்தையும் வைத்தவர்களின் மனத்தை எண்ணிப் பார்த்தோம்.

எங்களை நெடுநேரம் நிறுத்தி வைத்தவை கல்வெட்டுகள். சில தூண்களைக் கொடையளித்தவர்கள் தங்களை யவனர் என்று பொறித்திருக்கிறார்கள். மண்டபத்தை நிறைவேற்றியவர் வைஜயந்தியைச் சேர்ந்த பூதபாலர் என்ற வணிகர் என்றும், நாவலந்தீவில் இதுவே சிறந்தது என்றும் மற்றொரு கல்வெட்டுப் பெருமை பேசுகிறது. வைஜயந்தி என்பது கருநாடகத்து வனவாசி என்பர் அறிஞர். சோபாராவிலும் கல்யாணிலும் வந்திறங்கிய சரக்கு, கணவாய் ஏறித் தக்கணத்துக்குச் சென்ற காலம் அது. எங்கிருந்தோ பிழைப்புக்காக இவ்வழியே போனவர்கள் இங்கே இறங்கினார்கள். ஒரு தூணைத் தங்கள் பங்காகக் கொடுத்தார்கள். பெயரோடு தங்கள் ஊரையும் எழுதினார்கள். சொந்த ஊரை மறைக்கவுமில்லை. வந்த ஊருக்குக் கொடுக்கத் தயங்கவுமில்லை. வெளிமாநிலத் தமிழர் எவரும் அத்தூண்களின் முன் சற்று நேரம் நிற்கலாம்.

கீழே இறங்கி வந்தபோது விசுப்பலகையில் அம்மாவின் அருகே மற்றொரு முதியவர் அமர்ந்திருந்தார். காஷ்டா கட்டிய சேலை, கூந்தலில் பூ. எங்கள் இட்லியில் ஒன்று அவர் கையில் இருந்தது. அவருடைய கூடையிலிருந்து ஒரு தேங்காய் மூடி அம்மாவின் மடியில் இருந்தது. இருவருக்கும் பொதுமொழி ஒரு சொல்லும் இல்லை. பள்ளியில் மராத்தி பயிலும் மகள் பேச்சுக் கொடுத்தாள். வர்சோவாக் கடற்கரையைச் சேர்ந்த கோளிக் குடும்பத்தவர் அவர். மணமாகி வந்த நாள் முதல் ஆண்டுதோறும் மலை ஏறியவர். மூன்று ஆண்டுகளாக முழங்கால் இடம் தரவில்லை. வீட்டார் ஏறுவார்கள், அவர் இங்கே அமர்ந்திருப்பார். ‘நான் வந்தது ஆயிக்குத் தெரியும்’ என்றாராம்.

‘ஆயி என்றால்?’ என்று அம்மா கேட்டார். மராத்தியில் தாய் என்று பொருள் என்றாள் மகள். அம்மா சிரித்தார். ‘நீங்கள் என்னைக் கூப்பிடுகிற அப்பாயியில் இருப்பதுதானே அது’ என்றார். எட்டு மாதத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கண்டோம்.

பதினொன்றுக்குப் புறப்பட்டோம். லோனாவாலாவில் சிக்கி வாங்கினோம். ‘நம் கடலை மிட்டாய்க்கு இங்கே இந்தப் பெயரா?’ என்று ஒரு துண்டை வாயில் ஊறவைத்துக்கொண்டே அம்மா வந்தார். ஒன்றே முக்காலுக்கு வீடு சேர்ந்தோம். கால் மணி நேரத் தாமதத்தைத் திட்டம் பொறுத்துக்கொண்டது.

இந்த மலரைப் படிக்கும் குடும்பங்களில் ஊரிலிருந்து வந்த முதியவர்கள் பலர் இருப்பார்கள். அவர்களை மீண்டும் ஊருக்கு அழைத்துச் செல்ல ஆண்டில் ஒரு முறைதான் இயலும். சிலருக்கு அதுவும் இயலாது. ஆனால் அரை நாளில் சென்று திரும்பக்கூடிய இடம் நாம் வாழும் ஒவ்வொரு நகரைச் சுற்றியும் இருக்கிறது. வேண்டுவன சில: திரும்பும் நேரத்தை முதலில் குறியுங்கள். கூட்டமில்லாத நாளைத் தேர்ந்தெடுங்கள். கழிப்பறை எங்கே என்று கேட்டு வையுங்கள். உட்கார ஓர் இடமும் அருகே ஒரு துணையும் உறுதி செய்யுங்கள். போகும் இடத்தை அவர்களே சொல்லட்டும்.

அன்றிரவு திட்டத் தாளை மடித்து வைக்கப் போனோம். ‘அந்த அம்மாள் சொன்னாளே, வர்சோவா, அது இங்கிருந்து எவ்வளவு நேரம்?’ என்றார் அம்மா. மகள் தாளைத் திருப்பி, ஷிங்க்ரோபாவுக்கு மேலே அந்தப் பெயரை எழுதினாள்.