786 போட்ட தாள்



போன கிழமை தரம் 9 கணிதப் பாடம் முடிந்து மணி அடித்த பிறகும் ஒரு பிள்ளை கதிரையை விட்டு எழும்பவில்லை. கொப்பிக்குள்ளிருந்து பொலித்தீன் சுற்றிய ஆயிரம் ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். தொடர் இலக்கத்தின் கடைசி மூன்றும் 786.

"இதுக்கு நாலு லட்சம் குடுப்பாங்களாம் ஸேர். உண்மையா எண்டு உம்மா கேக்கச் சொன்னா."

விசாரித்தால் கதை நீளம். வட்ஸ்அப்பில் யாரோ 786 தாள் வாங்குவதாகப் போட்டிருக்கிறார்கள். பதிவுக் காசு என்று மூவாயிரம் போயாச்சு. இப்போது வரி என்று எட்டாயிரம் கேட்கிறார்கள். இடியப்பம் அவித்துக் கடைக்குப் போடும் உம்மா அவர். அந்த மூவாயிரமும் பக்கத்து வீட்டு ராத்தாவிடம் வாங்கிய கடன். (அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறோம். யார் என்று கேட்டு உள்பெட்டிக்கு வராதீர்கள்.)

அடுத்த நாள் பாடத்தை அப்படியே தாள் காசில் நடத்தினோம். எங்கள் பணப்பையில் இருந்ததையும், சக ஆசிரியர்களிடம் அரை மணித்தியாலத்துக்கு இரவல் வாங்கியதையும் மேசையில் பரப்பினோம்.

ஒவ்வொரு தாளிலும் முதலில் ஒரு ஆங்கில எழுத்து, சரிவுக் கோடு, ஓர் எண், பிறகு ஆறு இலக்கம். எழுத்தின் ஒழுங்கைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். இப்போது கையில் புழங்கும் தாள்களில் 20 ரூபாய்க்கு டபிள்யூ, 50க்கு வி, 100க்கு யூ, 500க்கு டி, 1000க்கு எஸ், 5000க்கு ஆர். பெறுமதி கூடக் கூட எழுத்து பின்னுக்குப் போகிறது. அச்சடிக்கும்போது பழுதான தாளுக்குப் பதிலாக வைக்கப்படும் தாளில் இசட் வரும். பழைய காசு சேகரிப்பவர்கள் உண்மையில் தேடுவது அப்படியானதையும் மடிப்பு விழாத புதுத் தாளையும்தான். எங்கள் மேசையில் இசட் ஒன்றுகூட இல்லை.

இரண்டு கையெழுத்தில் ஒன்று நிதி அமைச்சருடையது, மற்றது மத்திய வங்கி ஆளுநருடையது. ஆள் மாறினால் அடுத்து அச்சாகும் தாளில் கையெழுத்தும் திகதியும் மாறும். அந்தத் திகதியை வைத்துத் தாளுக்கு வயது சொல்லவும் முடியாது. 2010 ஜனவரி 1 என்று போட்ட தாள்கள் மக்கள் கைக்கு வந்தது 2011 பெப்ரவரி 4இல்.

இனி 786. குர்ஆன் மத்ரஸாவுக்குப் போகும் பிள்ளைகள் பலகையில் கூட்டினார்கள். அரபு எழுத்து ஒவ்வொன்றுக்கும் அப்ஜத் முறையில் ஓர் எண் இருக்கிறது. பிஸ்மி 102, அல்லாஹ் 66, அர்ரஹ்மான் 329, அர்ரஹீம் 289. கூட்டினால் 786. பிஸ்மிக்குப் பதிலாக இந்த எண்ணை எழுதலாமா என்பது உலமாக்களிடம் கேட்க வேண்டிய விடயம், கணித ஸேரிடம் அல்ல.

எங்களிடம் கேட்கக்கூடியது வேறு கேள்வி: அது எவ்வளவு அரிது?

ஆறு இலக்கத்தில் 786 தொடங்க நான்கு இடம் உண்டு. ஒவ்வொன்றிலும் மிச்ச மூன்று இலக்கத்துக்கு ஆயிரம் விதம். ஆக 4000 என்று எழுதினோம். பின் வாங்கிலிருந்து ஒருவன் கை உயர்த்தினான், "ஸேர், 786786ஐ ரெண்டு தரம் எண்ணிட்டீங்க." சரிதான். 3999. கடைசியில் 786 வருவது மட்டும் ஆயிரம். அதாவது ஒரே முன்னெண்ணில் அடிக்கும் பத்து லட்சம் தாளில், அந்த உம்மாவின் தாளைப் போல ஆயிரம் தாள் இருக்கிறது. முன்னெண் மாறினால் இன்னும் ஆயிரம். எல்லா 20, 50, 100 ரூபாய்த் தாளிலும் அப்படியே. 785க்கு அடுத்து இயந்திரம் 786 போடுகிறது, அவ்வளவுதான்.

பாடத்தின் கடைசியில் ஒரு பிள்ளை கள்ளக் காசைப் பற்றிக் கேட்டது. ஒரே எழுத்து, ஒரே எண் முழுவதும் அப்படியே இரண்டு தாளில் இருந்தால் ஆகக் குறைந்தது ஒன்று கள்ளம். எண் வேறாக இருந்தால் நல்ல தாள் என்று அர்த்தமில்லை. வெளிச்சத்தில் பிடித்து நீரடையாளத்தையும் பாதுகாப்பு நூலையும் பார்க்க வேண்டும். 786 இருக்கிறதே என்று பார்க்காமல் வாங்கி வைப்பதுதான் எங்களுக்குப் பயமாக இருக்கிறது. கள்ளத் தாள் கைக்கு வந்தால் இன்னொருவர் தலையில் கட்டாமல் பொலிஸில் கொடுங்கள். நட்டம் வரும், தெரியும். ஆனாலும் தெரிந்துகொண்டு கை மாற்றினால் அதுவும் குற்றம்.

அன்று பின்னேரம் அந்த வீட்டுக்குப் போய் உம்மாவிடம் விளங்கப்படுத்தினோம். எட்டாயிரம் போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். போன மூவாயிரத்துக்காக அழுதார். வங்கியில் கொடுத்தால் அந்தத் தாளுக்கு எவ்வளவு தருவார்கள் என்று கேட்டார். ஆயிரம் என்றோம். பொலித்தீனைக் கழற்றி, கடனில் முதல் தவணையாக அதையே ராத்தாவிடம் கொடுத்துவிட்டார்.

நேற்று அந்தப் பிள்ளை சொல்கிறது: ராத்தா நம்பரைப் பார்த்துவிட்டு, செலவழிக்க மனம் வராமல் அல்மாரிக்குள் வைத்திருக்கிறாராம்.