பதினெட்டு ஐட்டமும் ஒரு திங்கட்கிழமையும்

எங்கள் அப்பாவுக்குத் திருப்பதி போவதென்றால், ஒரு மாதம் முன்பே ரயில்வே டைம்டேபிள் வாங்கிப் பென்சிலால் கோடு போட்டு வைத்துவிடுவார். அந்த வியாதி எனக்கும் உண்டு. பென்சிலுக்குப் பதில் எக்ஸெல் ஷீட். தலைமுறை முன்னேற்றம் என்பது அவ்வளவுதான்!

ஆபீஸ் வேலையாக மூன்று மாதம் மெக்ஸிகோ சிட்டியில் இருந்தோம். நான், கும்பகோணத்து சீனியர் ஒருவர் (முட்டை போட்ட கேக்கைப் பார்த்தாலே நாலடி தள்ளி நிற்பார்), மதுரைப் பையன் ஒருவன் (ஓடுவது, பறப்பது, நீந்துவது எதையும் விடமாட்டான்). சனி, ஞாயிறு எல்லாவற்றையும் ஆபீஸ் விழுங்கிவிட, கடைசியில் மிச்சமானது மார்ச் மாதத்து மூன்றாவது திங்கட்கிழமை. பெனிடோ ஹுவாரெஸ் என்ற பழைய ஜனாதிபதியின் பிறந்த நாள் மார்ச் 21. ஆனால் 2006-லிருந்து லீவை மட்டும் மூன்றாவது திங்களுக்குத் தள்ளிக்கொண்டு விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தீபாவளி வந்தால் நாம் படுகிற வயிற்றெரிச்சல் அவர்களுக்கு இந்த ஒரு விஷயத்தில் கிடையாது.

ஸ்பானியர் கட்டிய பழைய ஊர் ஒன்றைப் பார்த்துவிட்டு ராத்திரி திரும்பிவிட வேண்டும். எங்கே போவது? குவானஹுவாட்டோ என்றேன். வெள்ளிச் சுரங்க ஊர். மலைச்சரிவு முழுக்கக் கலர் கலராக வீடுகள். போவதற்கே ஐந்து மணி நேரம், வருவதற்கு ஐந்து என்றால், பஸ்ஸைத்தான் சுற்றிப் பார்க்க முடியும். டாஸ்கோவும் வெள்ளி ஊர்தான், கொஞ்சம் கிட்டே. ஆனால் தெருவெல்லாம் செங்குத்து. "என் முழங்கால் என்ன கருங்கல்லா?" என்று கேட்டார் சீனியர். மிஞ்சியது புவேப்லா. தென்கிழக்கே 130 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். ஸ்பானியர் 1531-ல் நிர்மாணித்த நகரம். 1987-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

ஷீட் போட்டேன். பதினெட்டு ஐட்டம். கதீட்ரல், தங்கத் தகடு வேய்ந்த ரொசாரியோ சேப்பல், பாலஃபோக்ஸ் லைப்ரரி, தவளைச் சந்து (பழைய சாமான் கடைகள்), மிட்டாய்த் தெரு, பக்கத்து ஊர் சோலூலாவில் ராட்சஸப் பிரமிடு, அதன் தலைமேல் ஸ்பானியர் கட்டிய சர்ச்... எல்லாம் நிமிஷக் கணக்கில்.

"அண்ணே, ஒண்ணுக்குப் போக பத்து நிமிஷம் போட்டிருக்கீங்க. சாப்பாட்டுக்கு இருபதுதானா?" என்றான் பையன்.

ஒரு உண்மையை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். அந்த வாரம் ஆபீஸில் என்னைக் கூப்பிட்டு, 'இன்னும் இரண்டு வருஷம் இங்கேயே இருக்கிறாயா, செவ்வாய்க்கிழமை காலையில் பதில் சொல்' என்று சொல்லியிருந்தார்கள். குடும்பத்தைக் கூட்டிவர ஏற்பாடு கிடையாது. சம்பளம் மட்டும் வாயைப் பிளக்கிற சம்பளம். நான் கிளம்பும்போது பெண் நாற்பது நாள் குழந்தை. இப்போது குப்புறக் கவிழ்கிறாளாம். பதினெட்டு ஐட்டத்துக்கு நிமிஷம் பிரித்துக்கொண்டிருந்தால் இதையெல்லாம் யோசிக்க வேண்டாம் பாருங்கள்!

காலை ஏழு மணிக்குக் கிழக்குப் பக்க பஸ் நிலையத்தில் பஸ் ஏறினோம். மலை ஏறி இறங்கியதும் ஜன்னலில் போபோகாடெபெட்ல் எரிமலை. 5,400 மீட்டர், உச்சியில் புகை. சீனியர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

புவேப்லாவில் தெருவுக்கெல்லாம் நம்பர்தான் பெயர். ஆஹா, நம்ம ஆள் கட்டின ஊர் என்று சந்தோஷப்பட்டேன். கிழக்கே நடந்தால் இரண்டாம் தெரு. அடுத்தது நாலு, அப்புறம் ஆறு. மூன்று எங்கே? அது நடுவீதிக்கு மேற்கே இருக்கிறது! இரட்டைப்படை ஒரு பக்கம், ஒற்றைப்படை ஒரு பக்கம். இந்தத் தத்துவம் புரிவதற்குள் ஷீட்டில் நாற்பது நிமிஷம் காலி.

ஒரு வழியாக லைப்ரரி. 1646-ல் பாலஃபோக்ஸ் என்ற பிஷப் தன்னுடைய ஐயாயிரம் புத்தகங்களைக் கொடுத்து ஆரம்பித்தது. படிக்கத் தெரிந்த யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்று நிபந்தனை. அந்தக் காலத்தில் இதெல்லாம் பெரிய மனசு. நாங்கள் மூன்று பேரும் படிக்கத் தெரிந்தவர்கள்தான். ஆனால் கதவு சாத்தியிருந்தது. வாட்ச்மேன் பலகையைக் காட்டினார். திங்கட்கிழமை விடுமுறை!

மெக்ஸிகோவில் மியூசியங்கள் பெரும்பாலும் திங்கட்கிழமை திறப்பதில்லை. நிமிஷமெல்லாம் பார்த்த நான், கிழமையைப் பார்க்கவில்லை. பதினெட்டில் ஐந்து ஐட்டம் அங்கேயே காலி. பையன் ஒன்றும் சொல்லவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு எரிமலைப் பக்கம் பார்த்தான்.

சாப்பாட்டுக்குப் போனோம். அந்த ஊர் மோலே பிரசித்தம். மிளகாய் வற்றல், பருப்பு வகையறா, சாக்லேட் எல்லாம் அரைத்துவிட்ட கறுப்புக் குழம்பு. சீனியர் மனப்பாடம் செய்திருந்த ஒரே ஸ்பானிஷ் வாக்கியத்தை எடுத்துவிட்டார்: "சின் கார்னே", அதாவது கறி வேண்டாம். பரிமாறுகிற அம்மாள் புன்னகையோடு தலையாட்டிவிட்டுக் கோழிக்காலைக் கொண்டுவந்து வைத்தார். அங்கே கார்னே என்றால் பேச்சு வழக்கில் மாடு, பன்றி. கோழி அந்தக் கணக்கில் வராது! சீனியருக்குக் கடைசியில் பன்னுக்குள் பாலாடைக்கட்டியும் வெண்ணெய்ப்பழமும் வைத்துக் கொடுத்தார்கள். கோழி யாருக்குப் போயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை.

"வத்தக்குழம்புல சாக்லேட்டைக் கரைச்ச மாதிரி இருக்குண்ணே. ஆனா நல்லாருக்கு."

நம் வத்தக்குழம்புக்கு மிளகாயே இந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்ததுதான்.

வெயில் தாங்காமல் பக்கத்தில் இருந்த ஜெசூட் சர்ச்சுக்குள் போய் உட்கார்ந்தோம். ஷீட்டில் இல்லாத இடம். கையிலிருந்த கைடு புத்தகத்தைப் பையன் சத்தமாகப் படித்தான். அந்த சர்ச்சில் அடக்கம் செய்யப்பட்ட கதரீனா தே சான் ஹுவான் நம் தேசத்துப் பெண்.

மொகலாயர் நாட்டில் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே போர்ச்சுகீசியக் கொள்ளையர் பிடித்துக் கொச்சிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஞானஸ்நானம், புதுப் பெயர். அங்கிருந்து மணிலா அடிமைச் சந்தை. பிறகு பசிபிக் கடலைத் தாண்டி 1620 வாக்கில் அகாபுல்கோ. புவேப்லாக்காரர் ஒருவர் விலைக்கு வாங்கினார். மணிலாவிலிருந்து வந்தவர்கள் யாராக இருந்தாலும் அங்கே 'சீனா'தான். அதனால் இந்தியப் பெண்ணுக்கு 'புவேப்லாவின் சீனாக்காரி' என்று பெயர். எஜமான் செத்தபின் விடுதலை கிடைத்தது. திரும்பிப்போக வழி இல்லை. ஜபமும் விரதமுமாக அறுபது வருஷத்துக்கு மேல் அந்த ஊரிலேயே இருந்து 1688-ல் இறந்தார். ஊரே மகான் என்று கும்பிட்டது. அவர் பாவமன்னிப்புக் கேட்ட பாதிரியார் மூன்று பாகத்தில் அவர் வாழ்க்கையை எழுத, இன்குவிசிஷன்காரர்கள் அந்தப் புத்தகத்தைத் தடை செய்தார்கள்.

"கொச்சின்ல என் அக்கா இருக்கா" என்றார் சீனியர், சம்பந்தமில்லாமல். கொஞ்ச நேரம் கழித்து, "பாவம்ப்பா, ஒரு கடுதாசி போடக்கூட ஆளில்லாம..." என்றார்.

அவர் கதையையும் என் கதையையும் பக்கத்தில் வைத்தால் நீங்கள் அடிக்க வருவீர்கள். வர வேண்டியதுதான். என்னை யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. பையில் ரிட்டர்ன் டிக்கெட் இருந்தது. அது இருக்கிறதா என்று அன்றைக்கு இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஐம்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தோம். பிரமிடை அடித்தாயிற்று. ரொசாரியோ சேப்பலை மட்டும் ஓட்டமாகப் பார்த்தோம். தங்கம் கண்ணைக் கூசியது. மிட்டாய்த் தெருவில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு மிட்டாய் வாங்கிக்கொண்டு பஸ் நிலையம் போனால், லீவு முடிந்து தலைநகர் திரும்புகிற ஜனமெல்லாம் அங்கே. எட்டே காலுக்குத்தான் சீட்.

அப்போது மணி ஆறே முக்கால். நமக்கும் அவர்களுக்கும் பதினொன்றரை மணி வித்தியாசம். வீட்டில் செவ்வாய்க்கிழமை காலை ஆறே கால். வீடியோ கால் போட்டேன்.

"என்னங்க, பஸ் ஸ்டாண்டா? சாப்பிட்டீங்களா?" என்றாள். போனைக் கீழே சாய்த்தாள். குழந்தை குப்புறக் கவிழ்ந்து, தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தது. என்னைப் பார்த்து இல்லை, பின்னால் எட்டிப் பார்த்த மதுரைப் பையனைப் பார்த்துச் சிரித்தது!

போனை வைத்துவிட்டு ஷீட்டைத் திறந்து பத்தொன்பதாவது ஐட்டம் சேர்த்தேன். 'ஆபீஸுக்குப் பதில் சொல்வது. செவ்வாய் காலை, 10 நிமிஷம்.'

பையன் தோள் வழியாக எட்டிப் பார்த்தான்.

"முடியாதுன்னு சொல்ல எதுக்குண்ணே பத்து நிமிஷம்?"

சீனியர் கிழங்கு மிட்டாய்ப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். "இதுல முட்டை இருக்கான்னு மட்டும் கேட்டுச் சொல்லுப்பா..."