தோத்தாபுரி வரிசையில் ஓர் இரவு



வேலூரிலிருந்து காட்பாடி வழியாக வடக்கே செல்லும் பேருந்து ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீட்டரில் சித்தூரை அடைந்துவிடுகிறது. வழியில் பெயர்ப்பலகைகளின் எழுத்து தெலுங்காக மாறுகிறது. காதில் விழும் பேச்சு அவ்வளவாக மாறுவதில்லை. 1911-ஆம் ஆண்டில் தனி மாவட்டம் ஆகும் வரை வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்த ஊர் அல்லவா இது! இன்றும் கடைத்தெருவில் தமிழில் விலை கேட்டால் தமிழிலேயே பதில் வருகிறது.

2025 ஜூன் மாதத்தில் நான் அங்கே சென்றது ஊர் பார்க்க அன்று. சென்னையில் எங்கள் சபைக்கு வரும் வாலிபன் ஒருவனின் தகப்பனார் சித்தூருக்கு அருகே சிறிய மாந்தோப்பு வைத்திருக்கிறார். "மூன்று நாளாக அப்பா சரியாகப் பேசவில்லை, பாஸ்டர். ஒருமுறை பார்த்துவிட்டு வருவீர்களா?" என்று அவன் கேட்டான். வீட்டில் அவர் இல்லை. ஒரு மாங்கூழ் ஆலையின் வாசலில் டிராக்டரோடு காத்திருந்தார். அவருக்கு முன்னும் பின்னும் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை டிராக்டர்கள் வரிசையாக நின்றன. காற்றெல்லாம் மாம்பழ வாசனை. பசியோடு வருகிறவனுக்கு அது இனிமை. இரண்டு இரவுகளாக அங்கே காத்திருக்கிறவருக்கோ பழம் அழியத் தொடங்கிவிட்டது என்ற எச்சரிக்கை.

நாம் கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் சொல்லும் பழமே அங்கே தோத்தாபுரி. பெரும்பாலும் கூழாக்குவதற்கே வாங்கப்படுவதால், ஆலைகள் கைவிட்டால் விவசாயிக்கு வேறு வழி குறைவு. அந்த ஆண்டு விளைச்சல் மிகுதி. ஆலைகளிலோ முந்தைய ஆண்டின் கூழே தேங்கிக் கிடந்தது. கிலோவுக்கு ஆலை 8 ரூபாயும் அரசு 4 ரூபாயும் சேர்த்து 12 ரூபாய் கிடைக்கும் என்று ஆந்திர அரசு அறிவித்தது. ஆனால் அந்த எட்டு ரூபாயே கைக்கு வரவில்லை என்பதுதான் வரிசையில் நின்றவர்களின் பேச்சாக இருந்தது.

நான் அவர் அருகில் அமர்ந்து, "கலங்காதீர்கள் ஐயா, எல்லாம் நன்மைக்கே" என்றேன். அவர் கோபப்படவில்லை. ஒரு பழத்தை எடுத்து விரலால் அழுத்திக் காட்டினார். விரல் உள்ளே இறங்கியது. "இதுவும் நன்மைக்கா, பாஸ்டர்?" என்று மெதுவாகக் கேட்டார். என்னிடத்தில் பதில் இல்லை. யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் பேசாமல் உடன் உட்கார்ந்திருந்தார்களே, அந்த ஏழு நாள்தான் அவர்கள் சரியாக நடந்துகொண்ட நாட்கள் என்பது அப்பொழுது எனக்கு விளங்கியது. அன்றிரவு நான் பேச்சைக் குறைத்துக்கொண்டு அவரோடு தங்கினேன்.

விடியுமுன் நான்கு மணிக்கு அவர் வீட்டிற்குத் தொலைபேசியில் பேசினார். மாம்பழத்தைப்பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. பசு கறந்தாயிற்றா, பால் ஊற்றப் போனார்களா என்றே விசாரித்தார். பிறகு என்னிடம் விவரித்தார். அவருடைய தகப்பனார் வேர்க்கடலை பயிரிட்டவர். மழை பொய்த்துப் பொய்த்து, கடலை கைவிட்டபொழுது மாமரம் வைத்தார்கள். மரத்தை ஒரே பருவத்தில் மாற்ற முடியாது என்று அறிந்து இரண்டு பசுக்களும் வாங்கினார்கள். மாம்பழம் ஆண்டிற்கு ஒருமுறை, பால் அன்றாடம். விலை அநியாயம் என்று அவர் உரத்துச் சொல்லத் தயங்கவில்லை. அதற்காகப் பசுவைக் கறக்காமல் விடவும் இல்லை.

அந்த ஜூன் மாதத்தில் பிற மாநிலத் தோத்தாபுரி சித்தூர் மாவட்டத்திற்குள் வரக்கூடாது என்று தடை விதிக்கப்பட்டிருந்தது. அதை எதிர்த்துக் கர்நாடக முதலமைச்சர் சித்தராமையா ஆந்திர முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார். இந்தத் தடை உங்களுக்கு நல்லதுதானே என்று கேட்டேன். "கோலார்க்காரனும், கிருஷ்ணகிரிக்காரனும் நம்மைப் போல மரம் வைத்தவன்தானே" என்றார். தமக்கு நேர்ந்த அநீதியின் நடுவிலும் அடுத்தவனுடைய நஷ்டத்தைக் காணக் கண் இருந்தது அவருக்கு.

மறுநாள் நண்பகலில் பாரம் இறங்கியது. பறிப்புக் கூலியும் டிராக்டர் வாடகையும் போக மிஞ்சியது சொற்பம். அவருடைய மகள் விரும்பியது நர்சிங். அந்தப் பணத்திற்கு எட்டியது அரசுக் கல்லூரியில் பி.காம். மட்டுமே.

இந்தப் பாரத்தோடுதான் பாகாலா, சந்திரகிரி வழியாகத் திருப்பதிக்குப் பேருந்தேறினேன். சித்தூரிலிருந்து சுமார் எழுபது கிலோமீட்டர். 2022-இல் தனி மாவட்டத்தின் தலைநகராகிவிட்ட திருப்பதி, பல்கலைக்கழகமும் கல்லூரிகளும் நிறைந்த நகரம். அங்கே ஒரு பழைய மாணவரை நினைத்துக்கொண்டேன். திருத்தணியில் 1888-இல் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், 1896 முதல் 1900 வரை திருப்பதியில் ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் மிஷன் பள்ளியில் பயின்றார். தகப்பனார் ஜமீன் வருவாய்ப் பணியில் குறைந்த ஊதியம் பெற்றவர். வேலூர் ஊரிஸ் கல்லூரிக்குப் பின் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் அவர் தத்துவம் எடுத்ததற்குக் காரணம், அதே கல்லூரியில் படித்து முடித்த உறவினர் ஒருவர் தம் தத்துவப் புத்தகங்களை அவருக்குக் கொடுத்ததே. பாடத்தை வறுமை தீர்மானித்தது. கிடைத்த பாடத்தை அவர் முழுமனதோடு படித்தார். 1962-இல் குடியரசுத் தலைவரானார்.

இதைச் சொல்லி, "நீயும் முயன்றால் ஜனாதிபதி ஆகலாம்" என்று முடித்துவிடுவது எளிது. நான் அப்படி முடிக்கமாட்டேன். புத்தகம் கிடைக்காமல் படிப்பை விட்ட பிள்ளைகளின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் எல்லாரும் முயற்சியில் குறைந்தவர்கள் அல்லர்.

நம்பிக்கையான மனப்பான்மை என்பது அநீதியை நீதி என்று அழைப்பதன்று. அழுகிய பழத்தை அழுகிய பழம் என்றே சொல்லி, விடியற்காலையில் பசுவைக் கறப்பது. அந்த உறவினரைப்போல, தன் கையில் இருப்பதை அடுத்தவனுக்குக் கொடுப்பதும் அதில் அடங்கும்.

அந்தப் பெண் பி.காம். சேர்ந்துவிட்டாள். முதலாண்டுப் புத்தகச் செலவை எங்கள் வாலிபர் ஐக்கியத்தார் ஏற்றுக்கொண்டனர். நகரத்தில் வாழும் பிரியமானவர்களே, ஊரிலிருந்து உங்களுக்கு வரும் தொலைபேசியில் ஒரு மௌனம் கேட்டால், உடனே ஆறுதல் வார்த்தை தேடாதீர்கள். ஒருமுறை பேருந்தேறிப் போய், அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள்.