ஜன்னலும் பெங்குயினும் ஒரு நம்பர் ஒண்ணு பஸ்ஸும்!

துவாக்குடியில் பஸ் ஏறும்போதே சண்டை ஆரம்பித்துவிட்டது.

சண்டைக்காரர்கள் ரெண்டு பேரும் என் ரூம்மேட்ஸ். ஒருத்தனுக்கு ஹாஸ்டலில் பேர் 'பெங்குயின்'. லேப்டாப், பேக், தண்ணி பாட்டில் என்று எல்லாவற்றிலும் லினக்ஸ் பெங்குயின் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பான். இன்னொருத்தன் 'ஜன்னல்'. விண்டோஸைத் தவிர வேறு எதையும் தொடமாட்டான். நடுவில் நான், ரெண்டு பக்கமும் அடி வாங்கும் மத்தளம்!

சனிக்கிழமை காலையில் மூணு பேரும் ஸ்ரீரங்கத்துக்குக் கிளம்பியதற்குக் காரணம் என் தாத்தா. அந்தக் காலத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தியவர். 2007-ல் ஆசை ஆசையாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். உள்ளே விண்டோஸ் எக்ஸ்.பி. பாட்டி சொல்லச் சொல்ல, ஊர்க் கதைகளை எல்லாம் தமிழில் டைப் அடித்து வைத்தார். 1977 நவம்பரில் திருச்சி வெள்ளத்தில் மிதந்தது, 1987-ல் ராஜகோபுரத்துக்குக் கும்பாபிஷேகம் நடந்தது என்று ஏகப்பட்ட கதை. பாட்டி 2011-ல் போய்விட்டார். கம்ப்யூட்டர் போன மாதம் போய்விட்டது. ஸ்விட்சைப் போட்டால் நீலத் திரை, அவ்வளவுதான். ஒரு கடையில் காட்டியதற்கு, "ஃபார்மேட் பண்ணிடலாம் சார். உள்ளே இருக்கறது போயிடும், ஆனா சிஸ்டம் புதுசு மாதிரி ஆயிடும்" என்றார்களாம். தாத்தா பேசாமல் சி.பி.யூ.வை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

"டேய் கண்ணா... உன் காலேஜ்ல இதெல்லாம் தெரிஞ்ச பசங்க இருப்பாங்களே?" போனில் அவர் குரல் கம்மியிருந்தது. அதான் கிளம்பிட்டோம்.

பெல் தாண்டி, திருவெறும்பூர் வருவதற்குள் ஜன்னல் முதல் பந்தை வீசினான். "மச்சி, உன் லினக்ஸ் ஓசிலதானே கிடைக்குது? அப்புறம் ஏன்டா யாரும் தொடமாட்டேங்கறாங்க? 2011-ல கவர்மென்ட்டே இலவச லேப்டாப் குடுத்துச்சு. அதுல விண்டோஸும் இருந்துச்சு, பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. எங்க தெருவுல வாங்கின அக்கா, அண்ணன் எல்லாரும் முதல்ல அழிச்சது பாஸைத்தான்!"

விஷயம் தெரியாதவர்களுக்கு: பாஸ் என்பது 'பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்'. மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய நம்ம ஊர் லினக்ஸ். லேப்டாப் திட்டத்தைத் தொடங்கிவைத்த அன்றைய முதல்வர் ஜெயலலிதா, அப்போது நாங்கள் போய்க்கொண்டிருந்த அதே ஸ்ரீரங்கம் தொகுதியின் எம்.எல்.ஏ. வேறு!

பெங்குயின் விடுவானா? "அழிச்சாங்க சரி. அதை ஓட்டறது எப்படின்னு யார் சொல்லிக் குடுத்தா? பிளஸ் ஒன் புக்ல உபுண்டு இருக்கு, ஓபன் ஆபீஸ் இருக்கு. உங்க ஸ்கூல் லேப்ல இருந்துச்சா?"

ஜன்னல் வாயைத் திறக்கவில்லை. எங்கள் ஸ்கூல் லேபிலும் இல்லை. நானும் திறக்கவில்லை.

காந்தி மார்க்கெட் நெரிசலில் ஊர்ந்து, மெயின்கார்டு கேட் வந்ததும் பெங்குயின் எழுந்து நின்றுவிட்டான். செயின்ட் ஜோசப் கல்லூரி! "இங்க பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படிச்ச ஒருத்தர் பில் கேட்ஸ்கிட்டயே இதைப் பேசியிருக்கார், தெரியுமா?"

தெரியாமல் என்ன, அப்துல் கலாம்தான். 2002-ல் பில் கேட்ஸ் இந்தியா வந்தபோது ஜனாதிபதி கலாமைச் சந்தித்தார். பேச்சு மென்பொருள் பக்கம் திரும்பியது. கலாம் ஓபன் சோர்ஸ் பற்றிப் பேச, ரெண்டு பேருக்கும் கருத்து ஒத்துப்போகவில்லை. இதை 2003 மே மாதம் புனேயில் ஒரு கல்லூரி விழாவில் கலாமே சொன்னார். நூறு கோடி ஜனங்கள் இருக்கிற நாட்டுக்கு ஓபன் சோர்ஸ்தான் பெரிய அளவில் வரவேண்டும் என்பது அவர் கட்சி.

ரொம்ப சிம்பிளாகச் சொன்னால் மேட்டர் இதுதான். விண்டோஸ் ஹோட்டல் சாம்பார் மாதிரி. ருசியாக இருக்கும், காசு கொடுத்துச் சாப்பிடலாம், செய்முறை கேட்டால் கிச்சன் கதவைச் சாத்திவிடுவார்கள். லினக்ஸ் வீட்டு சாம்பார். செய்முறையைக் கையில் கொடுத்து, 'உப்பு பத்தலைன்னா நீயே போட்டுக்கோ, பக்கத்து வீட்டுக்கும் எழுதிக் குடு' என்பார்கள். 1991-ல் ஃபின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற காலேஜ் பையன் ஆரம்பித்தது. இன்று உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் அந்த லினக்ஸ் கெர்னல்தான். உலகின் டாப் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் அத்தனையும் 2017-லிருந்து லினக்ஸில்தான் ஓடுகின்றன.

"சூப்பர் கம்ப்யூட்டர்லயாடா நான் பிளேஸ்மென்ட் டெஸ்ட் எழுதப்போறேன்?" என்றான் ஜன்னல். "போன மாசம் எழுதின ஆன்லைன் டெஸ்ட், விண்டோஸ் இல்லாம ஓப்பனே ஆகலை. எங்க டிபார்ட்மென்ட்ல சாலிட்வொர்க்ஸ் கேக்கறாங்க. எங்க அப்பா கடையில டேலி. நான் எங்கே போக?" நியாயமான கேள்வி. பெங்குயினிடம் உடனடி பதில் இல்லை.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, காலி சி.டி. தேடி அலைந்தோம். தாத்தாவின் கிழட்டு கம்ப்யூட்டர் பென்டிரைவிலிருந்து கிளம்பாவிட்டால் சி.டி. வேண்டுமே! நாலாவது கடையில்தான் கிடைத்தது. அங்கே கண்ணாடியில் ஒட்டியிருந்த அறிவிப்பு: 'எல்லா ஓ.எஸ்.ஸும் போட்டுத் தரப்படும்.' எவ்வளவு என்று கேட்டேன். "முந்நூறு. ஆபீஸ், போட்டோஷாப் எல்லாம் சேர்த்து." லைசென்ஸ்? கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "தம்பி எந்த ஊரு?" என்றார்.

எனக்கு அங்கேதான் பல்ப் எரிந்தது. நம்ம ஊரில் லினக்ஸ் இலவசம் என்று சொன்னால் யாருக்கும் உறைக்காது. ஏனென்றால் நமக்கு விண்டோஸும் இலவசம்தான்! திருட்டு சி.டி. புண்ணியத்தில் காசு என்ற விஷயமே போட்டியில் இல்லாமல் போய்விட்டது. மிச்சம் இருப்பது 'செய்முறை யார் கையில்' என்ற கேள்வி மட்டும். அது பசிக்கிற வரை யாருக்கும் ஞாபகம் வராது.

நம்பர் ஒண்ணு பஸ். காவிரிப் பாலம். ஜன்னலோர சீட்டில் ஜன்னல்! வலது பக்கம் திரும்பிப் பார்த்தால் மலைக்கோட்டை கூடவே வருகிறது. மாம்பழச் சாலை தாண்டினால் கொஞ்ச நேரத்தில் ராஜகோபுரம். 236 அடி, 13 நிலை. எத்தனை தடவை பார்த்தாலும் கழுத்து தானாக மேலே போகும்.

பெங்குயினுக்கு மறுபடி உற்சாகம். "இதைப் பாரு மச்சி! நாயக்கர் காலத்துக்கு முன்னாடி, விஜயநகர ராஜா ஆரம்பிச்சு அடிப்பாகத்தோட நின்னுபோச்சு. நூத்துக்கணக்கான வருஷம் மொட்டைக் கோபுரம். 1979-ல திரும்ப ஆரம்பிச்சு, அகோபில மடத்து ஜீயர் முயற்சியில, ஊர் உலகமெல்லாம் காசு குடுத்து, 1987-ல முடிச்சாங்க. ஒருத்தர் விட்ட இடத்துலருந்து இன்னொருத்தர்! இதான்டா ஓபன் சோர்ஸ்!"

ஜன்னல் கோபுரத்தை ஒரு தடவை பார்த்தான், இவனை ஒரு தடவை பார்த்தான். "அதைத்தான்டா நானும் சொல்றேன். உங்க ஆளுங்க ஒரு சாஃப்ட்வேர் ஆரம்பிச்சா, முடிய நானூறு வருஷம் ஆகுது!"

சிரித்த சிரிப்பில் பூக்கடைக்கார அக்கா திரும்பிப் பார்த்தார்.

உத்திர வீதி வீட்டில் தாத்தா காபியோடு காத்திருந்தார். பெங்குயின் பென்டிரைவைச் செருகினான். அசையவில்லை. வாங்கிய சி.டி.யில் அவன் லேப்டாப்பிலிருந்த பப்பி லினக்ஸை எழுதிப் போட்டான். ஹார்ட் டிஸ்கைத் தொடாமல், மெமரியிலேயே ஓடுகிற குட்டி லினக்ஸ். ரெண்டு நிமிஷம். நீலத் திரை இருந்த இடத்தில் ஒரு டெஸ்க்டாப்! டிஸ்க் ஐகானைத் தட்டினால் உள்ளே எல்லா ஃபோல்டரும் பத்திரமாக இருந்தன. ஃபார்மேட் பண்ணியிருந்தால் ஒன்றும் மிஞ்சியிருக்காது. தாத்தா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஃபைல்களை பெங்குயின் லேப்டாப்புக்கு மாற்றித் திறந்தோம். பகீர்! தமிழே இல்லை. 'அம்மா' என்று இருக்கவேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வரிசையாக ஆங்கில எழுத்து. நூறு பக்கமும் அப்படியே. தாத்தா முகம் சுருங்கிவிட்டது. பெங்குயின் முழித்தான்.

இந்த இடத்தில் மேட்சைத் திருப்பியது யார் தெரியுமா? ஜன்னல்! லீவில் மாமாவின் டி.டி.பி. சென்டரில் கல்யாணப் பத்திரிகை அடித்த அனுபவம். "டேய், இது பாமினி ஃபான்ட்டுடா. தாத்தா பழைய டைப்ரைட்டர் கீபோர்டுல அடிச்சிருக்கார். சி டிரைவ்ல விண்டோஸ் ஃபோல்டர், அதுக்குள்ள ஃபான்ட்ஸ்... ஆங், எடு அதை!"

எடுத்துப் போட்டதும் திரையில் தமிழ் மலர்ந்தது. ஆனால் அது வெறும் வேஷம்தான். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. ஃபான்ட் இல்லாத வேறு மெஷினுக்குப் போனால் மறுபடி எம், கே, அரைப்புள்ளி. அந்தக் காலத்தில் தமிழுக்கு ஆளாளுக்கு ஒரு ஃபான்ட், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எழுத்துக் கணக்கு. ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் படிக்க முடியாது. தமிழக அரசே 2010-ல்தான் யூனிகோடைத் தரமாக அறிவித்தது. பெங்குயின், 'ஓபன்-தமிழ்' என்ற பைத்தான் லைப்ரரியை இறக்கி ஓடவிட்டான். தமிழ் ஆர்வலர்கள் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தது. பாமினி யூனிகோடாக மாறியது. அங்கங்கே கொம்பும் காலும் இடம் மாறியிருந்தன. "அதை நான் பாத்துக்கறேன்" என்றார் தாத்தா. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதல் பக்கத்தைப் படித்தார். சத்தமாக இல்லை. உதடு மட்டும் அசைந்தது. பாட்டி பேசுகிற மாதிரியே அடித்து வைத்திருக்கிறார் என்று அப்புறம் நான் படித்தபோது தெரிந்தது.

எல்லாம் சுபம் என்று முடிக்க ஆசைதான். ஆனால் ரெண்டு ஃபைல் திறக்கவே இல்லை. புத்தகமாகப் போட வேண்டும் என்று தாத்தா ஒரு டி.டி.பி. சாஃப்ட்வேரில் பக்கம் கட்டி வைத்தவை. அந்த சாஃப்ட்வேர் விற்பனையில் இல்லை. ஃபைலின் உள்கட்டு வெளியே யாருக்கும் சொல்லப்படவில்லை. பெங்குயினின் பப்பு வேகவில்லை. "மாமா கடையில பழைய விண்டோஸ் மெஷின் ஒண்ணு தூங்குது, அதுல திறக்கும்" என்று ஜன்னல் வாங்கிக்கொண்டான்.

தாத்தா மெதுவாகக் கேட்டார். "நான் அடிச்சது. அவ சொன்னது. அதை நான் படிக்க, எங்கேயோ இருக்கற கம்பெனி உயிரோட இருக்கணுமாடா?"

மூணு பேருக்கும் பதில் தெரியவில்லை.

சாயங்காலம் சித்திரை வீதியில் நடக்கும்போது சுஜாதா பேச்சு வந்தது. இந்த ஊரில் வளர்ந்தவர். கலாம் படித்த அதே செயின்ட் ஜோசப், அதே எம்.ஐ.டி. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் அவருக்கு முக்கியப் பங்கு. அந்த இயந்திரத்தின் சோர்ஸ் கோட் இன்றுவரை பொதுவில் இல்லை. அதைத் தணிக்கை செய்யச் சொன்ன மனுவை சுப்ரீம் கோர்ட் 2023 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது.

"பாத்தியா? எல்லாத்தையும் திறந்து வெச்சா திருடன் உள்ள வருவான்" என்றான் ஜன்னல். "திறந்து வெச்சாத்தான் ஓட்டை எங்கேன்னு நாலு பேர் கண்ணுல படும்" என்றான் பெங்குயின். ஆனால் காலையில் இருந்த காரம் ரெண்டு பேர் குரலிலும் இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். எந்த ஓ.எஸ். ஒசத்தி என்று ஹாஸ்டலில் விடிய விடிய அடித்துக்கொள்ளலாம், தப்பில்லை. பிளேஸ்மென்ட்டுக்கு விண்டோஸ் வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள் பாஸ். ஆனால் எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரல் 8-ல் சப்போர்ட் நின்றது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. இதெல்லாம் அவர்கள் குறிக்கிற தேதி. நீங்கள் எழுதியதற்கு, உங்கள் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு, உங்கள் பாட்டியின் கதைக்கு அந்தத் தேதி பொருந்தக் கூடாது.

அதற்கு மூணே வேலை. தமிழில் எழுதினால் யூனிகோடில் மட்டும் எழுதுங்கள். முக்கியமான ஃபைலை ஓ.டி.டி. மாதிரி திறந்த ஃபார்மேட்டில் ஒரு காப்பி வையுங்கள். ஒரு லைவ் லினக்ஸ் பென்டிரைவ் பையில் இருக்கட்டும். இன்ஸ்டால்கூடப் பண்ண வேண்டாம், ஆபத்துக்கு உதவும்.

இந்த வாரம் ஜன்னல், மாமா கடை மெஷினைத் தட்டி எழுப்பப் போகிறான். கூடவே பெங்குயினும் போகிறானாம், லினக்ஸ் சி.டி.யோடு. அந்தக் கடையை நினைத்தால்தான் கொஞ்சம் பயமாக இருக்கிறது!