தனித்துத் தொங்கிய முனைகள்

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை நோக்கிச் செல்லும் வீதியில் வல்லை வெளியை இரவிற் கடந்தோர் அதன் காற்றை மறப்பதில்லை. அங்கு ஒதுங்குதற்கு வீடும் இல்லை, மரமும் இல்லை. மாரிகாலத்து இரவொன்றில் அவ்வெளியின் நடுவே வடமராட்சி ஆசிரியர் ஒருவரின் மோட்டார் சைக்கிள் விளக்கிழந்தது. விளக்கு மாத்திரம் அணைந்திருப்பின் ஓரமாக ஒதுங்கியிருப்பார். எஞ்சினும் உடன் நின்றுவிட்டமையால், பின்விளக்கும் அற்றவராய் நடுவீதியில் நிற்க நேர்ந்தது. பின்னால் வந்த லொறியின் சாரதி இறுதிக் கணத்தில் விலத்தியதே அவரைக் காத்தது.

அச்சாரதியே இறங்கிவந்து ரோச் பிடித்தார். உருகி எரிந்திருந்தது. 1980களில் ஜப்பானிற் செய்யப்பட்ட அந்த ஹொண்டாவில், அக்காலச் சிறிய வண்டிகள் பலவற்றிற் போல, பற்றரிக்கு அருகே ஒரேயோர் உருகிதான் உண்டு. தீப்பொறிக்கும் விளக்குகளுக்கும் மின் அதனூடாகவே செல்லவேண்டும். சாரதி தமது சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைக் கிழித்து உருகியைச் சுற்றிக் கொடுத்தார். நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் கைவைத்தியம் இது. உதவும் மனத்தைப் பாராட்டலாம். வைத்தியத்தைப் பாராட்ட இயலாது. உருகவேண்டிய இடத்தில் உருகாத ஒன்றை வைத்தால், அடுத்த முறை உருகுவது கம்பியின் உறையாகும். பாலத்துக்கு அப்பால் ஒரு குழியில் வண்டி குலுங்கியதும் உறை கருகும் மணம் எழுந்தது. ஆசிரியர் திறப்பைத் திருப்பி அணைத்துவிட்டு, வண்டியை உருட்டிக்கொண்டு நடந்தார்.

மறுநாள் கராச்சில் தலைவிளக்கின் தகரக்குடம் திறக்கப்பட்டது. உள்ளே நெருங்கிக் கிடந்த கம்பிக் கற்றையிலிருந்து நான்கு முனைகள் எதனோடும் சேராது தனித்துத் தொங்கின.

“மாஸ்ரர், உது தேவையில்லாத வயருகள், வெட்டி விடட்டோ?” என்றார் திருத்துநர்.

“பொறுங்கோ அண்ணை” என்பதற்கு மேல் ஆசிரியர் எதுவும் கூறவில்லை. சென்ற மாதம் குமிழ் மாற்றுதற்காக அக்குடத்தைத் திறந்தவர் அவரே. நான்கில் ஒன்றைத் தாமே கழற்றிவிட்டுப் பூட்ட மறந்தாரோ என்னும் ஐயம் அவரை வாட்டியது. தம்மை மரணத்தின் வாயில்வரை இட்டுச் சென்றது தமது கவனக்குறைவுதானா என்பதை அறியாமல் வெட்டுதற்கு மனம் ஒப்பவில்லை.

இதற்கான சான்று முனையின் வாயிலேயே இருந்தது. ஒருமுறையேனும் பூட்டிக் கழற்றப்பட்ட இணைப்பியின் பித்தளையில் மெல்லிய கீறல் மின்னும். என்றும் பூட்டப்படாதது ஒரே சீராக மங்கிக் கிடக்கும். அதனுள்ளே பல்லாண்டுத் தூசியும் படிந்திருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கியபோது நான்கிலும் தூசியே காணப்பட்டது, கீறல் இல்லை. ஆசிரியர் நீண்ட மூச்சு விட்டார்.

அவ்வாறாயின் அவை ஏன் அங்கிருந்தன? ஒரே வண்டியைப் பல நாடுகளுக்கு விற்கும் உற்பத்தியாளர், நாட்டுக்கு ஒரு கம்பிக் கற்றை செய்வதினும் எல்லார்க்கும் பொதுவாக ஒன்றைச் செய்தல் சிக்கனமெனக் காண்கின்றனர். ஒரு நாட்டின் சட்டம் தலைவிளக்கினுள் ‘பார்க் லைற்’ எனப்படும் சிறுவிளக்கைக் கேட்கும், இன்னொன்று கேளாது. விளக்குப் பொருத்தப்படாத வண்டியிலும் அதற்குரிய கம்பி வந்துசேரும். பயன்படாத முனை பழுதுபட்ட முனை அன்று என்பதை இவ்விடத்து மனங்கொள்ள வேண்டும். ஆயினும் அது உயிரற்ற முனையென்று எண்ணிவிடுதலும் தவறு.

முதலில் நிறம் பேசும். ஹொண்டாவிற் பச்சை புவித்தொடுப்பு. கறுப்பு, திறப்பைத் திருப்பியதும் மின்னேறுவது. கபிலம், விளக்கு ஆளியைப் போட்டபின் பின்விளக்குக்கும் அதனைச் சார்ந்த சிறுவிளக்குகளுக்கும் மின் கொண்டுசெல்வது. யமஹாவிலோ கறுப்பே புவித்தொடுப்பு. திறப்புக்குப் பின் மின்னேறுவது கபிலம். யமஹாவிற் பழகிய கை ஹொண்டாவின் கறுப்பைப் புவியெனக் கருதிச் சட்டகத்தில் முறுக்கிவிட்டால் நிகழக்கூடியதை விரித்துரைக்க வேண்டியதில்லை. வீட்டு மின்சாரம் கற்றவருக்கும் ஒரு பொறி காத்திருக்கிறது. வீட்டிற் பச்சையும் மஞ்சளும் கலந்த கம்பி புவித்தொடுப்பு. ஹொண்டாவில் மஞ்சட் கோடிட்ட பச்சை, பிறேக் விளக்குக்கு மின் கொண்டுசெல்வது. ஆசிரியரின் நான்கு முனைகளும் பச்சை, கபிலம், கறுப்பு, மஞ்சட் கோடிட்ட பச்சை ஆகியனவே. அவற்றுட் கபிலத்தின் உறைதான் வெடித்து, பித்தளை வெளித்தெரிய, அருகே கம்பி கருகியிருந்தது.

நிறத்தை மாத்திரம் நம்புதல் கூடாது. பழைய வண்டியில் முன்னைய உரிமையாளர் எக்கம்பியையும் எதனோடும் ஒட்டியிருக்கலாம். இளம்பச்சையும் பச்சையும் அழுக்கேறியபின் ஒன்றாகத் தோன்றும். ஆகவே கருகிய பகுதியை மாற்றி, முறையான உருகி இட்டபின், ஆசிரியர் 12 வோல்ற்றுச் சிறுகுமிழ் ஒன்றில் இரு கம்பிகளைப் பொருத்திச் சோதித்தார். ஒன்றை எஞ்சின் உலோகத்திற் பற்றவைத்து மற்றையதால் முனைகளைத் தொட்டார். திறப்பைத் திருப்பியதும் கறுப்பு ஒளி தந்தது. கபிலம் தரவில்லை, விளக்கு ஆளியைப் போட்டதும் தந்தது. வல்லை வெளியின் புதிர் அவ்விடத்தில் அவிழ்ந்தது. பகலில் அம்முனை குடத்தில் எவ்வளவு உரசினும் அதில் மின் இல்லை. இரவில் விளக்கெரிய, குழியில் வண்டி குலுங்க, வெறும் பித்தளை புவித்தொடுப்புள்ள தகரத்தைத் தொட, உருகி எரிந்தது.

கபிலமும் பச்சையும் பொருத்தப்படாத சிறுவிளக்குக்குரியன எனத் தெளிவாயிற்று. எஞ்சிய இரண்டையும் கராச்சுக்குச் சென்று திருத்துநரின் முன்னிலையிற் சோதித்தார். கறுப்பையும் மஞ்சட் கோடிட்ட பச்சையையும் ஒரு சிறு கம்பியால் இணைத்தார். பின்னால் பிறேக் விளக்கு எரிந்தது. முன்பிறேக்கின் கைப்பிடிக்கு ஆளி பொருத்தப்படும் நாடுகளுக்கான இணைப்பு அது. அவ்வண்டியிற் கால்பிறேக்கை மிதித்தால் மட்டுமே விளக்கு எரிந்துவந்தது. ஓர் ஆளியை வாங்கிப் பூட்டினால் கைபிறேக்கும் பின்வருவோர்க்கு அறிவித்தல் கொடுக்கும். வெட்டியெறிய இருந்த கம்பிகள்!

திருத்துநர் மீண்டும் ஒருமுறை இணைத்துக் காட்டச் சொன்னார். பின்னர் தாமே இணைத்துப் பார்த்தார். கபிலத்துக்கும் பச்சைக்கும் தனித்தனியே இறப்பர்க் குழாய் மாட்டி, வாயை இறுகக் கட்டிக் குடத்தை மூடியதும், வெண்கட்டி எடுத்து, கராச்சுச் சுவரில் ஹொண்டாவின் நிறங்களை எழுதத் தொடங்கினார். அதனருகே, கேளாமலே, யமஹாவின் நிறங்களையும் எழுதினார்.