64 வண்டிகளும் ஒரு வாசலும்

விம்கோ நகருக்கு மெட்ரோ ரயில் வந்தது 2021இல். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே, தீப்பெட்டி ஆலையின் பெயரைத் தாங்கிய இவ்வூரின் மாடியறை ஒன்றில் ஞாயிறுதோறும் கூடுகிறோம் நாங்கள் நால்வர். மறைந்த நண்பர் ஒருவர் சேர்த்த சிற்றிதழ்க் கட்டுகள் எங்கள் பொறுப்பில் இருந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கீழ்த்தளத்தில் நீர் புகுந்து, அவற்றில் பாதி நனைந்துவிட்டது. ஒட்டிக்கொண்ட தாள்களை மின்விசிறிக்குக் கீழே பரப்பிப் பிரித்தோம். சில பிரிந்தன; சில விரலோடு வந்தன. எஞ்சியதையேனும் காக்கவேண்டுமென்று ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்யத் தொடங்கினோம்.

படங்களை வைக்க ஒரு வன்தட்டு வாங்கினோம். வாங்கியதை நம்பலாமா என்ற ஐயம் எழுந்தது. தாள் பொடிந்துவிட்டால் படமே மூலமாகிவிடும் அல்லவா? லினக்ஸில் கோப்பு முறைமைகளைச் சோதிக்க எஃப்எஸ்ஸ்ட்ரெஸ் என்றொரு நிரல் உண்டு; சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்தில் பிறந்தது. கோப்பை உண்டாக்கும், எழுதும், வெட்டும், பெயர் மாற்றும், அழிக்கும். எல்லாம் தற்செயல் வரிசையில். எத்தனை செயல்முறைகள் ஒரே நேரத்தில் இதைச் செய்யவேண்டும் என்பதை நாமே சொல்லலாம். தமிழ் படித்தவர்களின் ஆர்வக்கோளாறு, 64 என்று கொடுத்தோம். கடுமையான சோதனையே நல்ல சோதனை என்பது எங்கள் எண்ணம்.

மறுநாள் காலை வரை சோதனை முடியவில்லை. கணினியில் சுட்டிகூட நகரவில்லை. பதிவேட்டைத் திறந்தால், இன்ன செயல்முறை 120 வினாடிகளுக்கு மேலாகக் காத்திருக்கிறது என்ற எச்சரிக்கை திரும்பத் திரும்ப வந்திருந்தது. வன்தட்டு பழுது என்று முடிவுகட்டி, கடைக்காரரோடு சண்டைக்குப் போக ஆயத்தமானோம்.

எங்களிடம் தமிழ் பயின்று, பின்னர் கணினித் துறைக்குப் போன மாணவர் ஒருவர் அன்று வந்திருந்தார். திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஐயா, எண்ணூர் நெடுஞ்சாலையில கன்டெய்னர் லாரிங்க நிக்கறதைப் பார்த்திருக்கீங்கல்ல? இன்னும் நூறு லாரி கொண்டாந்து விட்டா துறைமுகத்துக்குள்ள கூடுதலா சரக்கு போயிடுமா? வரிசைதானே நீளும்?"

அவர் விளக்கியது இது. ஒவ்வொரு செயல்முறைக்கும் தனி அடைவு உண்டு. ஆனால் அனைத்தும் ஒரே பதிவுக்குறிப்பேட்டின் வழியாக, ஒரே தட்டின் ஒரே முள்ளுக்காகக் காத்திருக்கவேண்டும். மேலும், நாம் கொடுக்கும் செயல் எண்ணிக்கை ஒவ்வொரு செயல்முறைக்கும் தனித்தனியே உரியது. ஆளைப் பெருக்கினால் மொத்த வேலையும் பெருகும். எங்கள் கணினியிலோ இரண்டே கருவங்கள். நாங்கள் அளந்தது தட்டின் உறுதியை அன்று, வரிசையின் நீளத்தை. பெரிய நிறுவனங்களிலும் இந்தச் சிக்கல் உண்டாம். மையச்செயலிகளின் எண்ணிக்கையைக் கொண்டு செயல்முறைகளைப் பெருக்கும் சோதனைகள், பெரிய கணினிகளில் முடிவில்லாமல் ஓடும். அதனால் உச்சவரம்பு வைக்கிறார்கள்.

"அப்படியானால் ஒன்றே போதுமே, தம்பி?" என்றோம்.

"ஒன்று போதாதுங்க ஐயா. ரெண்டு பேர் மோதிக்கிட்டாதான் தெரியுற தப்பு நிறைய இருக்கு."

ஒன்று, இரண்டு, நான்கு என்று ஏற்றினார். ஒன்றில் குறையில்லை. இரண்டிலும் இல்லை. நான்கில், மூன்றாம் முறை ஓடும்போது பதிவேட்டில் ஒரே ஒரு வரி: வன்தட்டின் இணைப்பு அறுந்து மீண்டும் சேர்ந்திருந்தது. முதல்நாள் பதிவேட்டையும் மீண்டும் புரட்டினார். அதே வரி அங்கேயும் இருந்தது, காத்திருப்பு எச்சரிக்கைகளின் நடுவே. அதைப் படித்தும் நாங்கள் பார்க்கவில்லை. தட்டில் பழுதில்லை, இணைப்புக் கம்பிதான் தளர்ந்திருந்தது. கம்பியை மாற்றியபின், நான்கு செயல்முறைகளோடு இரவு முழுக்க ஓடியும் அந்த வரி வரவில்லை. கடைக்காரரிடம் சண்டையிடாமல் தப்பினோம்.

நாங்கள் ஆசிரியர்கள். வாய்மொழித் தேர்வில் ஒரு மாணவனைச் சுற்றி ஐவர் அமர்ந்து, ஒருவர் கேள்வி முடியுமுன் மற்றவர் தொடங்கும் காட்சியை எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். அந்த ஐவரில் ஒருவராகவும் இருந்திருக்கிறோம். மாணவன் திணறியதும் 'படிக்கவில்லை' என்று எழுதினோம். அவன் எதைப் படிக்கவில்லை என்று அப்போது எங்களில் எவராலும் சொல்லியிருக்க முடியாது. வரம்பு வைப்பது சலுகை என்றே இத்தனை காலம் நினைத்திருந்தோம்.

இப்போது படங்கள் அந்தத் தட்டில் இருக்கின்றன. சோதனையில் தேறியது என்பதால் அதை மட்டும் நம்பிவிடவில்லை. மற்றொரு படி, தண்ணீர் ஏறாத மேட்டுத்தெருவில் உள்ள வேறொரு வீட்டில் இருக்கிறது. நனைந்த தாள்களையும் எறியவில்லை. ஞாயிறுதோறும் நால்வராய் அமர்ந்து, ஒவ்வொன்றாகத்தான் பிரிக்கிறோம்.